உப்புத்தாள்

எட்டுத் திருகாணி, நாலு கிளிப்.
நாலாவது கிளிப் குளிரில் உடைந்தது.
நான் திட்டியது ஷெட்டின் தகரத்தில் பட்டு
எனக்கே திரும்பி வந்தது.
கிரில்லைக் கழற்றிய ட்ரக்
பல்செட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்
தூங்கும் ஆள்போல நின்றது.

சஸ்காட்செவனில் அக்டோபர் கடைசி.
யார்க்டனுக்கு வடக்கே எங்கள் சரளைச் சாலை.
கிரில் கம்பிகளின் இடுக்கில் போன கோடை
அப்படியே இருந்தது: வெட்டுக்கிளிக் கால்கள்,
கனோலாச் சருகு, பாதி வண்ணத்துப்பூச்சி,
யார் வீட்டுக் கோழியுடையதோ ஓர் இறகு.
பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.

"கல் பட்டது" என்றான் ஒஸ்டப்.
பதினேழு வயது. கேட்காமலே சொன்னான்.
கல்தான். இந்தப் பக்கம் கல் படாத வண்டி
ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்கும்.
கல் தோல் உரிக்கும், ஜனவரியில்
சாலைக்குப் போடும் உப்பு
உள்ளே புகுந்து மீதியைத் தின்னும்.

உப்பைத் தின்றது தண்ணீர் குடித்தாக வேண்டும்.
உப்புத்தாளை வாளியில் நனைத்தேன்.
முதலில் முந்நூற்றிருபது நம்பர்.
உரிந்த விளிம்பு விரலுக்குத் தட்டாத வரை.
கண்ணை நம்பக் கூடாது இதில்;
கண்ணை மூடிக்கொண்டு தடவ வேண்டும்.

மூன்றாவது கம்பி, இடது ஓரம், அடிப்பக்கம்.
கருப்பின் மேல் ஒரு மஞ்சள் கீற்று.

கல்லில் மஞ்சள் ஒட்டியிருக்காது.
பள்ளிப் பேருந்தின் மஞ்சள் இல்லை,
அது ஆரஞ்சுக்குப் போகும்.
இது எலுமிச்சைப் பக்கம் சாய்ந்தது.
ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு:
கூட்டுறவுக் கடையின் டீசல் பம்புக்கு
முன்னால் காவல் நிற்கும் இரும்புக் கம்பம்.
ஒரு மாதமாக அது
கிழக்கே சாய்ந்து நிற்கிறது.
"எந்தக் குருட்டு முட்டாளோ" என்றார்
கல்லாவில் இருந்த வெண்டல்.
"எந்த முட்டாளோ" என்று நானும் சொல்லிவிட்டு
முட்டைக்குப் பணம் கொடுத்தேன்.

நாலு இழுப்பில் போய்விடும் நிறம்.
நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு தேய்த்தேன்.
வாளித் தண்ணீரில் மஞ்சளாக எதுவுமே தெரியவில்லை.

பத்து டிகிரிக்குக் கீழே அடிக்காதே என்று
டப்பாவில் போட்டிருந்தது. வெளியே ஆறு.
குளியலறைக்குள் கொண்டுவந்து
திரைக்கம்பியில் கோட் ஹேங்கர் மாட்டித்
தொங்கவிட்டேன். ஜன்னலைத் திறந்து
ஃபேனையும் போட்டேன்.
பொட்டாஷ் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து
ஆறு மணிக்கு அவர் வருவார்,
குளிக்க இடமில்லை என்று சண்டை போடுவார்.
போடட்டும்.

பிளாஸ்டிக் ப்ரைமர், மெல்லிசாக.
பதினைந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும்.
அதுதான் கஷ்டம். கை துறுதுறுக்கும்.
அடுத்தது கருப்பு. முதல் பூச்சில்
அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும்,
பயந்துபோய் அள்ளி அடித்தால் வழியும்.

ஒஸ்டப் வாசலில் நின்றான்,
நிலையில் தோளைச் சாய்த்து.
இரண்டாவது பூச்சுக்கு டப்பாவைக் குலுக்கினேன்.
உள்ளே குண்டு கடகடவென்று உருண்டது.
நிறுத்தினேன்.

"அம்மா."
"ம்."
"இதே ப்ரைமர் இரும்புக்கும் சரிவருமா?"

என்னைப் பார்க்கவில்லை, கிரில்லைப் பார்த்தான்.
நானும் கிரில்லைத்தான் பார்த்தேன்.

"வராது. இரும்புக்கு வேறு.
துருவைச் சுரண்டிவிட்டு அடிக்க வேண்டும்.
அதற்கும் முன்னால்
கம்பத்தை நிமிர்த்த வேண்டும்."

அவன் இரும்பு என்றுதான் சொன்னான்.
கம்பம் என்றது நான்.

மூக்கை உறிஞ்சினான்.
பெயின்ட் வாடையாகவும் இருக்கலாம்.
"வெண்டல் எட்டு மணிக்குத் திறப்பாரா?"
"ஏழரைக்கே வந்துவிடுவார்."

பேச்சில் கை நின்றுபோன இடத்தில்
கருப்பு திரண்டு
ஒரு சொட்டு கீழே இறங்கியது.
ஈரத்தில் தொடக் கூடாது.
காயட்டும். நாளைக்கு ஆயிரம் நம்பர் தாள்,
நிறையத் தண்ணீர்.